படித்துறையில் விட்டுவைத்த மூன்று திட்டு

சேறு அள்ளுவதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்பது எனக்கு முப்பத்தெட்டு வயதுவரை தெரியாது. மண்வெட்டி இருந்தால் போதும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் படகுச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கிய பிறகுதான் அந்த ஞானம் வந்தது. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சிங்களத்தில் பிழையில்லாமல் கடிதம் எழுதுவேன். இந்த இரண்டு குற்றங்களுக்காகத்தான் அந்தப் பதவி கிடைத்தது. கூட்டத்தில் என் பெயரைச் சொன்னதும் எல்லோரும் கை தட்டிவிட்டார்கள். மறுப்பதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் தேநீர் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் டிவிஷன், நோட்டன் பிரிட்ஜ் போகும் பாதைக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. நடுவில் நீர்த்தேக்கம். தோட்டத்து ரோட்டால் சுற்றிக்கொண்டு பஸ் பிடிக்கப் போனால் ஒன்றரை மணி நேரம். படகில் போனால் பத்தே நிமிடம். லீக்ஸ், கரட், போஞ்சி மூட்டைகள், கிளினிக் போகிறவர்கள், டவுன் கடைகளில் வேலை செய்கிறவர்கள், பெரிய வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த ஒரே படகுதான். அது வந்து நிற்பதற்குச் சீமெந்தில் கட்டிய படித்துறை ஒன்று உண்டு. மொத்தம் பதினொரு படிகள் என்று சொல்வார்கள். நான் செயலாளரான காலத்தில் கண்ணுக்குத் தெரிந்தவை நான்கு.

மற்ற ஏழும் சேற்றுக்குள். மேலே இருக்கிற மலைகளின் மண்ணெல்லாம் மழைக்குக் கரைந்து, கான்கள் என்ற வடிகால்கள் வழியாக ஓடி, கடைசியில் எங்கள் படித்துறையில் வந்துதான் படுத்துக்கொள்ளும். ஒரு பெரிய மழைக்குப் பிறகு படகு கரைக்கே வர முடியாமல் போனது. நாற்பது எட்டுக்கு அப்பால் நின்றுவிடும். சேற்றின்மேல் பலகை போட்டு, அதில் ஆளுக்கு ஆள் கையைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடிப் போவோம். பலகை புதைந்தால் செருப்பு போச்சு. எங்கள் டிவிஷனில் ஒற்றைச் செருப்பு இல்லாத வீடே கிடையாது.

இதையெல்லாம் நாங்கள் சிரித்துக்கொண்டே சமாளித்தோம். சமாளிக்க முடியாத ஒருவர் இருந்தார். அவரை எல்லோரும் மரக்கறி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் அவர் போட்டிருக்கும் லீக்ஸ் பாத்தியைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் சூம்பிப்போயிருக்கும். ஊன்றுகோலோடு நடப்பார், எங்களைவிட வேகமாகவே நடப்பார். ஆனால் ஆடுகிற பலகையில் ஊன்றுகோல் நிற்காதே. அதனால் இரண்டு பேர் கையைக் கோத்து அவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் படகில் வைப்பார்கள். ஒரு நாள் ஒருவருக்குக் கால் வழுக்கி, மூன்று பேரும் சேற்றில் விழுந்தார்கள். கரையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்லக் கூடாது.

அக்கா சேற்றைத் துடைத்துக்கொண்டு எழுந்து சொன்னார்: "போதும். நான் என்னா மூட்டையா, தூக்கி ஏத்துறதுக்கு? படகு படிக்கு வாற அன்னைக்கு நானும் வாறேன்."

அதோடு சரி. ஒரு வருஷத்துக்கும் மேலாக அவர் அக்கரைக்குப் போகவில்லை. அவருடைய லீக்ஸை வேறு ஆட்கள்தான் ஞாயிற்றுச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். சந்தையின் வாசலுக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு இடம் உண்டு. இருபது வருஷமாகச் சாக்கு விரித்து, சிங்களத்திலும் தமிழிலும் கூவி விற்ற இடம். பக்கத்துக் கடைக்காரி அதில் தன் கூடையை வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள். "சித்திரைப் புத்தாண்டுச் சந்தைக்கு ஆள் வந்து உட்காராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், அதற்கு மேல் என்னால் பிடித்துவைக்க முடியாது" என்று அவள் சொல்லியனுப்பினாள். அந்தச் செய்தியைக் கேட்ட அன்று அக்கா பாத்தியில் களை பிடுங்கப் போனார், இருட்டியும் எழுந்து வரவில்லை. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அந்த வாரமே நான் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

நீர்த்தேக்க அலுவலகத்துக்கு எழுதினேன். தோட்ட நிர்வாகத்தின் கடிதம் வேண்டும் என்றார்கள். தோட்ட நிர்வாகம் பிரதேச செயலகத்தின் கடிதத்தைக் கேட்டது. பிரதேச செயலகம், நீர்த்தேக்க அலுவலகம் என்ன சொல்கிறது என்று கேட்டது. ஒருவர்மீதும் குற்றம் சொல்ல முடியாது, எல்லோரும் நாற்காலி போட்டு உட்காரவைத்து மரியாதையாகத்தான் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் பதினொரு பக்கத்தில் ஒரு விண்ணப்பப் படிவம் வந்தது. படிக்கு ஒரு பக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அதில், அகற்ற வேண்டிய மண்ணின் அளவு எவ்வளவு என்று ஒரு கேள்வி. நான் "நிறைய" என்று எழுதியிருந்தேன். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். சோதனைக் குழிகளின்படி படிந்த மண்ணின் ஆழம் எவ்வளவு என்று இன்னொரு கேள்வி. சோதனைக் குழி என்றால் என்னவென்றே புரியாததால் அதில் "இல்லை" என்று எழுதினேன்.

மாசி மாதத்தில் ஒரு நாள், வகுப்பில் இருக்கும்போது தொலைபேசி வந்தது. புதன்கிழமை காலையில் எஞ்சினியர் நேரில் வந்து சேற்றைப் பார்ப்பார் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் முன்னதாகவே மணி அடித்துவிட்டேன். நேராகத் தோட்டத் தலைவரிடம் ஓடி விஷயத்தைச் சொன்னேன். அவர் தொழிற்சங்கத் தலைவர் மட்டுமல்ல, தோட்டத்தில் கான் வெட்டுகிறவர்களில் முதல் ஆள். மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் எல்லோருக்கும் அறிவித்துவிடுவதாகச் சொன்னார். திங்களும் செவ்வாயும் எனக்கு ஹட்டனில் ஆசிரியர் பயிற்சி. அங்கேயே ஒரு சிநேகிதி வீட்டில் தங்கிவிட்டு, புதன்கிழமை எஞ்சினியரின் ஜீப்பிலேயே வருவதாக ஏற்பாடு.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டத்துக்கு யாராவது பார்வையிட வருகிறார் என்றால், நாங்கள் உடனே சுத்தம் செய்ய ஆரம்பித்துவிடுவோம். யார், எதற்கு வருகிறார் என்று கேட்கமாட்டோம். பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்போம். தோரணம் கட்டுவோம். ஒருமுறை ஒழுகுகிற கூரைகளைப் பார்க்க ஒருவர் வந்தார். அவர் வருவதற்கு முதல் நாள் ஆளுக்கு ஆள் பொலித்தீன் வாங்கிப் போட்டு, தகரத்துக்குப் பெயின்ட் அடித்து, ஒரு சொட்டும் ஒழுகாமல் செய்துவிட்டார்கள். "கூரைகள் நல்ல நிலையில் உள்ளன" என்று எழுதிவிட்டு, ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு அந்த மனிதர் போய்விட்டார். அதைக் கண்ணால் பார்த்திருந்தும் நான் இரண்டு நாள் ஹட்டனில் போய் உட்கார்ந்திருந்தேனே, அது யாருடைய தவறு? என்னுடையதுதான்.

புதன்கிழமை ஜீப்பில் வந்துகொண்டிருந்தோம். எஞ்சினியர் ஒரு சிங்களப் பெண். என்னைவிட வயது குறைவாக இருக்கும். காலில் ரப்பர் சப்பாத்து, மடியில் நோட்டுப் புத்தகம். நான் வழியெல்லாம் சேற்றைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். எப்படிப்பட்ட சேறு, எவ்வளவு சேறு, எத்தனை செருப்பை விழுங்கிய சேறு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசி வளைவு திரும்பியதும் படித்துறை தெரிந்தது.

முதலில் தோரணம் தெரிந்தது. பிறகு வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். பிறகு படிகள். பதினொரு படிகளும் கழுவிவிட்டுப் பளிச்சென்று இருந்தன. படிகளைச் சுற்றி இருந்த சேற்றைக் காணவில்லை. தண்ணீர்ப் பக்கம் ஒரு மண் வரம்பை மட்டும் விட்டுவிட்டு, ஒரு பள்ளிக்கூட வகுப்பறை அளவு இடத்தில் ஆழமாக வெட்டி எடுத்து, கரையில் பாத்தி கட்டியதுபோல் அழகாக அடுக்கி, ஓரத்துக்குக் கல் வைத்து, கல்லுக்குச் சுண்ணாம்பும் அடித்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்றைக்குக் காது இரண்டும் எரிந்தன.

எஞ்சினியர் சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், சேறு எங்கே?"

அதற்குள் மரக்கறி அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு, ஊன்றுகோலோடு முன்னால் வந்துவிட்டார். "வாங்க மிஸ், வாங்க. உக்காருங்க. ரெண்டு நாளு, முழுத் தோட்டமும் சிரமதானம்! ஒரு பொட்டுச் சேறு இல்லாம எடுத்தாச்சு!"

"யாருக்கா இதச் செய்யச் சொன்னது?" என்றேன்.

"நாந்தான் சொன்னேன். அவ்வளவு பெரிய எடத்துலருந்து வாறாங்க. சேத்துலயா நிப்பாட்டி வைக்கிறது?"

"அக்கா, அவங்க சேத்தைப் பாக்கத்தான் வாறாங்க!"

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "இந்தப் பள்ளம் ஒரு மழைக்குத் தாங்குமா? வெளியில நாப்பது எட்டுக்குத் தண்ணிக்குள்ள கெடக்கிற சேத்தை மம்பட்டியால அள்ளுவீங்களா? மெஷின் வரணும், அதுக்கு அனுமதி வேணும், அனுமதிக்குச் சேறு வேணும்! இப்ப உங்க சந்தை எடமும் போச்சு, போதுமா?"

கடைசி வார்த்தை வாயை விட்டுப் போனதும் எனக்கே சுருக்கென்றது. அக்கா தோரணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வெட்கம் இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது.

எஞ்சினியர் பள்ளத்தின் ஓரத்துக்குப் போய், நீர்த்தேக்க எல்லைக்குள் அனுமதி இல்லாமல் தோண்டுவது சட்டப்படி குற்றம் என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். எட்டு மாதக் கடிதங்கள் எல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் போய்விட்டன என்றுதான் நினைத்தேன். திடீரென்று அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, பள்ளத்துக்குள் கையை நீட்டினார்.

"அது என்ன?"

பள்ளத்தின் நடுவில் மூன்று இடத்தில் மண் வெட்டாமல் நின்றது. ஒவ்வொன்றும் ஒரு அண்டா அளவு அகலம், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. உச்சியில் புல்கூட அப்படியே இருந்தது. இவ்வளவு சுத்தம் செய்தவர்கள் அதை மட்டும் ஏன் விட்டார்கள் என்று எனக்கும் விளங்கவில்லை.

தலைவர் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தார். "அது அளவுத் திட்டுங்க மிஸ். கான் வெட்டுனா நடுவுல திட்டு விடணும். கணக்கப்பிள்ளை வந்து கோல் வச்சு அளந்த பெறகுதான் அதத் தட்டுவோம். இல்லாட்டி எவ்வளவு ஆழம் வெட்டுனோமுன்னு யாரு நம்புவாங்க?"

நான் சிங்களத்தில் சொன்னேன். எஞ்சினியர் திட்டையும் தலைவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இங்கே யார் அளக்கப் போகிறார்கள் என்று விட்டீர்கள்?"

"யாரும் அளப்பாங்கன்னு விடலைங்க. கைப்பழக்கம். மம்பட்டிய எடுத்தா அப்புடித்தான் வரும்."

அதை மொழிபெயர்த்ததும் அந்தப் பெண் சிரித்தார் பாருங்கள், நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு பதினொரு படியும் இறங்கிப் பள்ளத்துக்குள் போனார். அளவுகோலைத் திட்டின் பக்கத்தில் நிறுத்தினார். மூன்றையும் அளந்தார். திட்டின் பக்கவாட்டில் மண் அடுக்கடுக்காகத் தெரிந்தது. செம்மண், அதன்கீழ் கறுப்பு, அதன்கீழ் அழுகிய தேயிலைச் சருகு, மறுபடியும் செம்மண். ஒரு தடித்த அடுக்கைத் தொட்டு, "இது ஒரு பெரிய மழை" என்றார். நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் "ஆமாம்" என்றோம். அந்த மழையை யாரும் மறக்கவில்லை.

மேலே ஏறி வந்து என் விண்ணப்பத்தைக் கேட்டார். நான் "இல்லை" என்று எழுதியிருந்த இடத்தைக் காட்டி, "இதுதான் டீச்சர் சோதனைக் குழி. இதைத் தோண்டச் சொல்லி எழுதுவதற்குத்தான் நான் இன்றைக்கு வந்தேன். நான் எழுதுவதற்கு முன்னால் நீங்கள் தோண்டிவிட்டீர்கள்" என்றார். பிறகு, "நடந்ததை நடந்தபடியேதான் எழுதுவேன். அனுமதியில்லாமல் தோண்டியதையும் எழுதுவேன். மூன்று இடத்தில் ஆழம் அளந்ததையும் எழுதுவேன். நீங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். அனுமதி வரும்வரை அந்தத் திட்டுகளை யாரும் தொடக் கூடாது" என்றார். அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். ரொட்டி ஆறிப்போயிருந்தது. அதையும் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மன்னிப்புக் கடிதத்தை அன்றைக்கு அங்கேயே எழுதினேன். அதுவரை எழுதிய கடிதங்களில் அதைத்தான் சந்தோஷமாக எழுதினேன். அக்கா என்னிடம் நேராகப் பேசாமல், தலைவரிடம் பேசுவதுபோல், "இனிமே யாரு வந்தாலும் சேத்தத் தொடமாட்டோமுன்னு நல்லா அழுத்தி எழுதச் சொல்லுங்க" என்றார். முதல் கையெழுத்தும் அவருடையதுதான். பக்கத்தின் கால்வாசியை அதுவே பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் அவருடைய பாத்திக்குப் போனேன். "அக்கா, நான் அப்புடிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். வேறு ஒன்றும் வரவில்லை. அவர் லீக்ஸுக்கு மண் அணைத்துக்கொண்டே, "ஒங்க கோவம் எனக்குத் தெரியாதா? சங்கத்துக்கு ஒங்களத் தெரிவு செஞ்சதே அதுக்குத்தான். அதிகாரிமாருக்கிட்டக் காட்டுவீங்கன்னு பாத்தா எங்ககிட்டக் காட்டுறீங்க" என்றார். போகும்போது ஒரு கட்டு லீக்ஸைப் பிடுங்கிக் கையில் திணித்தார்.

அடுத்த மூன்று வாரமும் அந்தத் திட்டுகளுக்கு நடந்த மரியாதையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தலைவர் சுற்றிலும் கம்பு நட்டு வேலி போட்டார். மழை இருட்டினால் யாராவது ஓடிப்போய்க் கொழுந்துச் சாக்கால் போர்த்துவார்கள். மாடு பக்கத்தில் போனால் மூன்று லயத்திலிருந்தும் சத்தம் வரும். படகுக்காரர் ஒரு நாள் என்னைப் பார்த்து, "என் படகுக்கு இந்தக் கவனிப்புக் கெடைச்சிருந்தா அது இந்நேரம் கப்பலாயிருக்கும் டீச்சர்" என்றார்.

பங்குனியில் அனுமதி வந்தது. மழை தொடங்குவதற்குள் வேலை முடிய வேண்டும். எடுத்த மண் தோட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது, நீர்த்தேக்க எல்லை என்று கல் நட்டுக் காட்டிய கோட்டுக்கு மேலேதான் பரப்ப வேண்டும். எண்ணெய் ஒழுகும் இயந்திரம் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. நிபந்தனைகளைப் பெரட்டில் நானே தமிழில் வாசித்தேன். எல்லோரும் பாட்டுக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீளக் கை வைத்த, மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் ஒன்று வந்து நான்கு நாள் வேலை செய்தது. வெளியே ஆழமான தண்ணீர்வரைக்கும் சேற்றை அள்ளி வழி திறந்தது. கோட்டுக்கு மேலே இருந்த பாத்திகளுக்கெல்லாம் கறுப்பு மண் கிடைத்தது. அக்கா மட்டும் மூன்று பங்கு எடுத்துக்கொண்டார், யாரும் கேட்கவில்லை.

கடைசி நாள் எஞ்சினியர் வந்து இன்னொரு முறை அளந்துவிட்டு, "இனித் தட்டலாம்" என்றார். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, மூன்று திட்டையும் தன் கையாலேயே தட்டினார். பிறகு பெக்கோ கடைசி வரம்பை உடைத்ததும், வெளியே நின்ற தண்ணீர் மெல்ல உள்ளே வந்து படிகளை ஒவ்வொன்றாக நனைத்தது. நாங்கள் படியை எண்ணிக்கொண்டு நின்றோம்.

புத்தாண்டுச் சந்தைக்கு முந்திய இரவு பெய்த மழை விடியும்போது விட்டிருந்தது. காலையில் பாதித் தோட்டம் படித்துறையில் நின்றது. பாதிப்பேருக்குச் சந்தையில் ஒரு வேலையும் கிடையாது. படகு வந்து ஆறாவது படியில் மெதுவாக உரசி நின்றது. அக்கா மஞ்சள் சேலையில், தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தார். பின்னால் அவருடைய லீக்ஸ் மூட்டை இரண்டு. இரண்டு பேர் பழக்கதோஷத்தில் கையைக் கோத்துக்கொண்டு முன்னால் போனார்கள்.

"தள்ளுங்க எல்லாரும்" என்றார்.

தள்ளி நின்றோம். ஊன்றுகோல் ஒரு படி, நல்ல கால் ஒரு படி, சூம்பிய கால் அதன் பின்னால். ஈரப் படி. ஆறாவது படியில் ஒரு கணம் நின்றார். படகுக்காரர் கையை நீட்டினார். அதைப் பிடிக்காமல், விளிம்பில் கோலை ஊன்றி, படகுக்குள் காலை வைத்து, முன்பலகையில் போய் உட்கார்ந்து சேலையைச் சரி செய்துகொண்டார். யாரும் கை தட்டவில்லை. தட்டினால் அக்காவுக்குக் கோபம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னா டீச்சர், அழுதுக்கிட்டு நிக்கிறீங்க? அதுதான் மூட்டை. அதத் தூக்கி ஏத்துங்க."

நான் மூட்டையைத் தூக்கினேன்.